ஒரே அடுப்படியில் ரெண்டு பால் பாத்திரம்

மெட்ரோ ஸ்டேஷனுக்கு ரெண்டே நிமிஷம் என்றார் புரோக்கர். யாருடைய காலுக்கு என்று கேட்டேன். அவர் என் இடது காலைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். "அக்கா, உனுக்கு ஒரு அஞ்சு நிமிசம்னு வெச்சிக்கயேன்" என்றார்.

என் இடது தொடைக்குள் ஒரு கம்பி இருக்கிறது. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஒன்று என்னை ஒட்டி வளைந்தபோது ஸ்கூட்டரோடு மணலில் சறுக்கி விழுந்தேன். லாரிக்காரன் நிற்கவில்லை. நின்றிருந்தால் படுத்துக்கொண்டே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதுவரை திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் நாள் பூரா நின்றுகொண்டு பேக்கிங் வேலை பார்த்தேன். நிற்க முடியாதவளுக்கு அங்கே வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஒரு பூங்கொத்துகூடக் கொடுத்தார்கள். அதை ஆடு தின்றது.

வீட்டில் கிடந்து கிடந்து, கடைசியில் கிண்டிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டே போன் எடுத்துப் பேசுகிற வேலை கிடைத்தது. நான் இனிமையாகப் பேசுவேன் என்று அவர்கள் எதை வைத்து நம்பினார்களோ, அது அவர்கள் தலையெழுத்து. ஆடி பாதியில் வந்து சேர வேண்டும், தள்ளிப் போனால் வேறு ஆளை எடுத்துவிடுவோம் என்றார்கள்.

நாங்கள் இருந்தது காத்திவாக்கத்தில். அங்கிருந்து கிண்டிக்குப் போக எனக்கு வழியே இல்லை. பஸ் படி என் இடுப்பு உயரத்துக்கு இருக்கும். மின்சார ரயிலுக்குப் போனால் மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும், பெட்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் ஒரு குழந்தையே விழுகிற அளவு இடைவெளி. ஷேர் ஆட்டோவில் காலை மடக்க வேண்டும். என் கால் மடங்காது. நீட்டினால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் மடிக்குள் போய்விடும். மெட்ரோ ஒன்றில்தான் லிப்ட் இருக்கிறது, பிளாட்பாரமும் பெட்டியும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. ஆனால் மெட்ரோ எங்கள் ஊர் வரை வரவில்லை. விம்கோ நகரோடு அதற்கு மூச்சு வாங்கிவிடுகிறது.

ஆக எனக்கு வேண்டியது இதுதான்: மெட்ரோவுக்கு நான் நடக்கிற தூரத்தில், படியேறாத ஒரு வீடு. அது கிடைத்தால் வேலை. கிடைக்காவிட்டால் மறுபடியும் பாய்.

வீடு தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்த ஊரில் ஹவுஸ் ஓனர் என்பது ஒரு தனி ஜாதி. ராயபுரத்தில் ஒருவர், "அசைவம் சமைப்பீங்களா?" என்று கேட்டார். அவர் வீட்டு மொட்டை மாடியில் நின்று எச்சில் துப்பினால் மீன் மார்க்கெட்டில் விழும். தெரு முழுக்கக் கருவாடு காய்கிறது, காக்கா வஞ்சிரத்துக்குச் சண்டை போடுகிறது, நடுவில் இவர் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "நீங்க மூச்சு வுடுறதே அசைவம்தான் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். புது வண்ணாரப்பேட்டையில் ஒரு அபார்ட்மென்ட்டில் லிப்ட் இருக்கிறது என்றார்கள். இருந்தது. உள்ளே வெங்காய மூட்டையும் பழைய கட்டிலும் அடுக்கி வைத்திருந்தார்கள். இன்னொரு இடத்தில் ஓனரம்மா என் நடையைப் பார்த்துவிட்டு, காலையில் வாசல் திறக்கும்போது முழு ஆளாகப் பார்த்தால்தான் நாள் நல்லபடியாகப் போகும் என்றார். நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். நாள் நல்லபடியாகப் போகாது என்று எனக்கும் தோன்றியது. திரும்பிவிட்டேன்.

கடைசியில் புரோக்கர் கூட்டிப் போனது தண்டையார்பேட்டையில் ஒரு பழைய வீட்டுக்கு. கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன். மரச் சட்டத்து மேல் செங்கல் அடுக்கிய அந்தக் காலத்துக் கூரை. வெளிச்சுவரில் உப்பு பூத்து, கை வைத்தால் சுவர் நம்மோடு கூடவே வருகிறது. வாசலில் தண்ணீர் அடிக்கிற கைப் பம்பு. கூடம், ஒரு ரூம், ஓர் அடுப்படி. அடுப்படி ஜன்னல் ஓரச் சந்துப் பக்கம் பார்த்திருந்தது. வாசலில் ஒரே ஒரு படி. அந்த ஒரு படியை நான் ஏறிப் பார்த்தேன், இறங்கிப் பார்த்தேன். கம்பி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் எனக்குப் பிடித்தது அந்தப் படி மட்டும்தான்.

ஓனர் பக்கத்துத் தெருவில் இருந்தார். துறைமுகத்தில் கணக்கெழுதி ரிட்டையர் ஆனவர். கப்பலையே தானே தள்ளிக் கொண்டுவந்து கரையில் கட்டியது போலப் பேசுவார்.

"கடல் காத்து அப்படியே உள்ள வரும்மா" என்றார். வந்தது. கூடவே லாரிப் புகையும், சாயந்திரமானால் கொடுங்கையூர்க் குப்பைப் புகையும் வந்தன. "மெட்ரோ வந்ததுலேருந்து இந்த ஏரியா எங்கேயோ போயிடுச்சு" என்றார். ஏரியா அங்கேயேதான் இருந்தது. வாடகைதான் எங்கேயோ போயிருந்தது.

மாடியையும் வாடகைக்கு விடுவீர்களா என்று கூட வந்த என் வீட்டுக்காரர் கேட்டார். "மாடி என் பொண்ணுக்கு. துபாய்லேருந்து வந்தா தங்கறதுக்கு. குடுக்கறதில்ல" என்றார் ஓனர்.

நான் ஒன்றைத்தான் கேட்டேன். "சார், நான் ஆடி மாசம் வேலைக்குச் சேரணும். ஆடியிலயே குடி வரணும். அப்புறம் அது இதுன்னு சொல்லக் கூடாது."

அவர் சிரித்தார். "ஆனி முடியறதுக்குள்ள பாலைக் காய்ச்சிடும்மா. பால் காய்ச்சிட்டா குடி வந்த கணக்குதான். அப்புறம் ஆடி ஒண்ணும் பண்ணாது. ஊர்ல எல்லாரும் அப்படித்தானே செய்றாங்க?"

செய்கிறார்கள்தான். ஆடியில் வீடு மாறினால் குடும்பம் ஆடிப் போகும் என்று ஊரே பயப்படும். ஆனால் அதற்கு ஊரே ஒரு சந்தும் வைத்திருக்கிறது. ஆனியின் கடைசி நல்ல நாளில் காலி வீட்டில் பால் காய்ச்சி, விளக்கேற்றி, உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு, ஒரு குடம் தண்ணீர் வைத்துப் பூட்டிவிட்டு வந்தால் சரியாகிவிடும். விதி அதைப் பார்த்துவிட்டு, சரி, இவர்கள் உள்ளேதான் இருக்கிறார்கள் என்று ஏமாந்து போய்விடுமாம். வாடகை மட்டும் ஏமாறாது, அது அன்றே ஓட ஆரம்பித்துவிடும்.

நானும் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டுச் செய்தேன். விடியற்காலை இருட்டில் போய்ப் பால் காய்ச்சினோம். பழைய அலுமினியக் குண்டான், ஒரு பக்கப் பிடி கழன்றது. புதிது வாங்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். காசிமேட்டில் போட் இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறவர். கடலுக்குப் பயப்பட மாட்டார், அமாவாசைக்குப் பயப்படுவார். பாலுக்குத் தெரியவா போகிறது என்று சொல்லிவிட்டேன். பொங்கிற்று. சர்க்கரை போட்டு ஓனருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தோம். ஊதி ஊதிக் குடித்தார். குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "சாவி ஆவணி ஒண்ணாந்தேதி வாங்கிக்கம்மா" என்றார்.

"இன்னா சார் சொல்ற? ஆடியில வரேன்னு சொன்னேனே?"

"அது சரிம்மா. சாஸ்திரத்துக்குச் சரி. ஆனா வீட்டம்மா ஒத்துக்க மாட்டேங்கறா. வீட்டுக்கு ஏதாவது ஆயிடுமாம்."

"உன் வூட்டுக்கு இனிமே ஆவறதுக்கு இன்னா சார் கீது? சொவரு பாதி என் பொடவையில கீது."

அவர் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டார். என் பாலைக் குடித்த வாயால் எனக்கே கதவைச் சாத்தினார். அன்று நான் வைத வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. கைப் பம்படியில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த பெண்கள் மட்டும் குடத்தை மறந்துவிட்டுக் கேட்டார்கள்.

ஆடி பிறந்தது. வேலைக்குச் சேர வேண்டிய நாள் நெருங்கியது. ஓனர் போனை எடுக்கவில்லை. வாசல் கதவு அகலத்துக்கு பீரோ நுழையுமா என்று அளந்து பார்க்கலாம், அப்படியே ஓனரையும் பிடித்து நாலு கேள்வி கேட்கலாம் என்று நானும் என் வீட்டுக்காரரும் போனோம். வீடு பூட்டிக் கிடந்தது. சந்துக்குள் போய் அடுப்படி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். என் சாமான் பத்திரமாக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

இருந்தது. பத்திரமாக மட்டுமில்லை, குட்டி போட்டு இருந்தது.

என் கழன்ற பிடிக் குண்டானுக்குப் பக்கத்தில் ஒரு புது எவர்சில்வர் பாத்திரம். என் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இன்னொரு உப்பு ஜாடி. இரண்டு விளக்கு, இரண்டு மஞ்சள் கிழங்கு, இரண்டு பொட்டலம் அரிசி, இரண்டு குடம் தண்ணீர். இரண்டு மாமியார்கள் அருகருகே உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பது போல இருந்தது. எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு பெண் பேர் வெட்டியிருந்தது. அந்தப் பேரை நான் வாய்விட்டுப் படித்தேன். என் வீட்டுக்காரர், "யாரும்மே அது?" என்றார்.

"உன் ரெண்டாவது பொண்டாட்டியா கீதோன்னு நான் கேக்கணும், நீ என்னக் கேக்கறியா?"

புரோக்கரை டீக்கடையில் பிடித்தேன். பஜ்ஜியை வாயில் வைத்தவர் வைத்தபடி நின்றார்.

"அக்கா, டென்ஷன் ஆவாத. அந்தப் பார்ட்டியை நான் இட்டாரல. வேற புரோக்கரு. நீ காலீல அஞ்சு மணிக்குக் காச்சின. அவங்க பத்து மணிக்கு மேல காச்சினாங்க. எனக்கே அப்பால்தான் தெரியும்."

"ரெண்டு பேருகிட்டயும் அட்வான்ஸ் வாங்கினானா?"

"ஆவணில யாரு ஜாஸ்தி வாடகை குடுக்கறாங்களோ அவங்களுக்கு வுட்டுடலாம்னு... ஓனரு மனசுல இருக்கும்போல. ஆடி முடியற வரிக்கும் எப்பிடியும் ரெண்டு பேரும் வர மாட்டீங்க இல்ல? அதான் அவருக்கு டைம்."

அதுதான் எனக்குப் புரிந்த இடம். அந்த ஆள் ஆடிக்குப் பயப்படவில்லை. ஊர் ஆடிக்குப் பயப்படும் என்பதை நம்பித் தொழில் நடத்துகிறார். ஒரு மாசம் யாரும் சாமான் ஏற்ற மாட்டார்கள், யாரும் உள்ளே நுழைய மாட்டார்கள், பூட்டுக்குக் காவல்கூட வேண்டாம். இதைவிட வசதியான மாசம் ஓனருக்குக் கிடைக்குமா? பாலையும் ரெண்டு தரம் வாங்கிக் குடித்திருக்கிறார்.

"சாவி யாருகிட்ட?"

"வூடு காட்டறதுக்கு எங்கிட்ட ஒண்ணு கீது..."

"குடு. என் வெளக்க எடுத்துக்கணும். வெள்ளிக்கெழம வெளக்கு இல்லாம எப்பிடி?"

விளக்கு என்றதும் அவர் கொடுத்துவிட்டார். சாமி விஷயத்தில் குறுக்கே நிற்க மாட்டார், நல்ல மனிதர். என் வாழ்க்கையில் எனக்குச் சாமி நேரடியாக உதவியது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, மூணு மணிக்கு மேல், சரியான ராகு காலத்தில், குட்டியானை வண்டியில் சாமானை ஏற்றினேன். ஆடிச் செவ்வாய், ராகு காலம், தேய்பிறை. அதைவிட மோசமான நேரத்தைக் காலண்டரில் தேடினால் கிடைக்காது. அதனால்தான் அந்த நேரம். அந்த நேரத்தில் அந்தத் தெருவில் ஒருத்தரும் ஒரு விஷயத்துக்கும் வாசலைத் தாண்ட மாட்டார்கள். ஓனர் வீட்டம்மா அவரை விடவே மாட்டாள்.

என் வீட்டுக்காரர் வண்டியின் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். என் காலுக்குக் கீழேயும் ஒன்று வைக்கப் பார்த்தார்.

"யோவ், வழுக்கி வுழுந்தா இன்னொரு கம்பி வெக்கணும், எடுய்யா."

"வாணாம்மே. ஆவணில வேற வூடு பாக்கலாம். ராவு காலத்துல எவனாச்சும் குடி போவானா? மனசு பேஜாரா கீது."

"வேற வூடு பாக்கறதுக்குள்ள வேல பூடும். அப்பால நீ ராவு காலமெல்லாம் பாத்து என்ன உக்கார வெச்சி சோறு போடு. முடியுமா?"

அவர் பீரோவைத் தூக்கினார். வாசலில் நுழையவில்லை. கதவைக் கழற்றி நுழைத்தோம். என் உப்பு ஜாடியை முன்னால் தள்ளினேன். அவளுடையதைப் பின்னால் தள்ளினேன். தொடவில்லை, தள்ளினேன்.

மறுநாள் காலையில் இடி மாதிரி கதவைத் தட்டினார்கள். அந்தக் கதவைத் தட்டினால் சுவர் உதிரும் என்று தெரியாத ஆள். திறந்தேன். நீல யூனிஃபார்மில் ஒரு பெண் நின்றாள். என் வயசுதான் இருக்கும், ஒல்லி, இடுப்பில் கை. அவளுக்குப் பின்னால் ஓனர், ரெண்டு அடி தள்ளி. ஏர்போர்ட்டில் துப்புரவு வேலைக்குப் போகிறவள் என்று பிறகு அவளே சொன்னாள்.

"யாரும்மே நீ? நான் பால் காச்சின வூட்டுல சட்டி உருட்டிக்கினு கீற?"

"நானுந்தான் காச்சினேன். உனுக்கு மின்னாடி காச்சினேன்."

"யாரு பாத்தா?"

"அடுப்பு பாத்துச்சு. போய்க் கேளு."

"ஆடியில எவளாச்சும் குடி வருவாளா? அதுவும் செவ்வாக்கெழம? நீ இன்னா பொம்பள?"

"கால் ஒடஞ்ச பொம்பள."

"ஓ, கால காட்டி வூடு புடிக்கிறியா?"

"ஆமா. உனுக்குத்தான் ரெண்டு காலும் ஷோக்கா கீதே. நடந்து போய் வேற வூடு பாரு."

"விடிகாலீல மொத ரயிலு புடிக்கணும்மே நானு! ஆட்டோக்காரன் அந்நேரத்துக்கு இன்னா கேக்கறான் தெரியுமா? இந்த வூட்ட நெனச்சிக்கினு மாமியார்கிட்ட ஒரு மாசமா ஏச்சு வாங்கிக்கினு கீறேன்."

கைப் பம்படி நிறைந்துவிட்டது. குடம் இல்லாதவர்களும் வந்துவிட்டார்கள். அப்போதுதான் ஓனர் வாயைத் திறந்தார். "ரெண்டு பேரும் படிச்சவங்க மாதிரி அமைதியா பேசித் தீத்துக்கணும். நான் நடுவுல வர மாட்டேன்."

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினோம். அதுவரை நானும் அவளும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

"நீ நடுவுலதான்யா கீற" என்றாள் அவள். "ரெண்டு பேரு பாலயும் குடிச்சிட்டு."

"வயிறு கலக்கலயா சார் உனுக்கு?" என்றேன் நான்.

"நான் குடுத்தப்போ சக்கர கம்மின்னு வேற சொன்னான்ம்மே!"

கூட்டம் சிரித்தது. ஓனர், "நான் ஒரு பெரிய மனுஷன்..." என்று தொடங்கினார். யாரோ பின்னாலிருந்து, "எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள்.

"மாடி சும்மாதான கீது?" என்றாள் அவள். "எனக்கு மாடியக் குடு. நான் ஏறுவேன்."

"மாடி குடுக்கறதில்லம்மா. என் பொண்ணு..."

அவள் நிற்கவில்லை. வெளிப்படியில் விறுவிறு என்று ஏறினாள். ஓனர், "ஏய், ஏய்" என்று பின்னால் ஓடினார். எனக்கு அப்போது பொறாமையாக இருந்தது. சத்தியமாக, வீட்டுக்காக இல்லை, அந்த ஏறலுக்காக. மேலே கதவு திறந்துதான் கிடந்திருக்க வேண்டும், உள்ளே நடக்கிற சத்தம் கூரையில் கேட்டது. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை நடந்தாள். என் ரூமுக்கு நேர் மேலே கொஞ்ச நேரம் நின்றாள்.

இறங்கி வந்தபோது ஆள் மாறியிருந்தாள். இடுப்பில் கை இல்லை.

"மேல இன்னா கீது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. இரும்புக் கட்டிலு. பசங்கள வெச்சி ஹாஸ்டல் நடத்தப் போறாரு பெரிய மனுசன்." அடுப்படிக்குள் போனாள். தன் எவர்சில்வர் பாத்திரத்தை எடுத்தாள், விளக்கை எடுத்தாள், உப்பு, மஞ்சள், அரிசி எல்லாம் முந்தானையில் கட்டினாள். தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்தாள். வாசலில் நின்று ஓனரிடம் கையை நீட்டினாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வீட்டுக்கு ஓடிப்போய் அவள் அட்வான்ஸைக் கொண்டுவந்து கொடுத்தார்.

போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சரி, வெச்சிக்க. கால் ஒடஞ்சவகிட்ட நமக்கு இன்னா சண்ட."

கூட்டம் அவளைப் பார்த்து உச்சுக்கொட்டியது. எவ்வளவு நல்ல மனசு என்றாள் ஒருத்தி. எனக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. எண்ணூர் ரோட்டில் விழுந்தபோதுகூட அவ்வளவு எரியவில்லை. நான் ராகு காலத்தில் பீரோ தூக்கிப் பிடித்த வீட்டை அவள் பிச்சை போட்டுவிட்டுப் போகிறாள். ஜெயித்தவள் நான், பெரிய மனுஷி அவள். பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தேடினேன். கிடைப்பதற்குள் தெருமுனை திரும்பிவிட்டாள்.

வேலைக்குச் சேர்ந்தேன். ஸ்டேஷனுக்கு ரெண்டு நிமிஷமும் இல்லை, அஞ்சு நிமிஷமும் இல்லை. தோண்டிப் போட்ட பள்ளம் ஒன்று, அதன் மேல் ஆடுகிற பலகை ஒன்று, வரிசையாக நிற்கிற கன்டெய்னர் லாரி, அதன் நிழலில் தூங்குகிற டிரைவர், அவர் பக்கத்தில் தூங்குகிற நாய், எல்லாரையும் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டால் லிப்ட் இருக்கிறது. கதவு திறக்கும்போது தரையும் பெட்டியும் ஒரே மட்டம். காலைத் தூக்கக்கூட வேண்டாம், நகர்த்தினால் போதும். போனில், "வணக்கம், சொல்லுங்க" என்கிறேன். சில நோயாளிகள் பயந்துவிடுகிறார்கள். ஆனால் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

ஆவணியில் மாடிக்குப் பசங்கள் வந்தார்கள். நல்ல பசங்கள்தான், அம்பத்தூர் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை. எல்லாரும் காலையில் ஒரே நேரத்தில் குளிப்பார்கள். குளிக்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே என் ரூம் கூரையில் ஒரு கறை வந்தது. முதலில் ஒரு தோசை அளவு, அப்புறம் ஒரு தாம்பாளம் அளவு. அப்புறம் சொட்ட ஆரம்பித்தது. மழைக்கு ஒழுகினால் வானத்தைத் திட்டலாம். வெயில் கொளுத்தும்போது, மேலே எவனோ பாட்டுப் பாடிக்கொண்டு சோப்புப் போடும்போது, என் தலையணையில் சோப்பு நுரை விழுந்தால் யாரைத் திட்டுவது? ஓனரைத் திட்டினேன்.

அவர் வந்து அண்ணாந்து பார்த்தார். "பழைய வீடும்மா. அப்பப்ப வேர்க்கும்" என்றார்.

"வேர்க்குதா? சோப்பு வாசனையோட வேர்க்குதா சார்?"

"பழைய வீட்டுக்கு ஒரு வாசனை உண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர், ராகு காலத்தில் குடி வந்ததால்தான் என்றார். நான் கட்டிலை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு இழுத்தேன். ஒரு வாரம் கழித்து ஒழுகலும் அந்த மூலைக்கு வந்தது.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள், பெண்கள் பெட்டியில் ஏறினேன். கூட்டம். ஜன்னல் ஓரமாக நீல யூனிஃபார்ம். அவள்தான். அன்று பகல் ஷிப்டாம். திருவொற்றியூர் ஸ்டேஷன் பக்கத்தில் வீடு கிடைத்துவிட்டதாம், அதனால் எனக்கு முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டைச் சுழித்தாள்.

"இன்னா, வூடு எப்பிடி கீது?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். வரவில்லை. "ஒழுவுது."

"ரூம்லதான? அந்தப் பெரிய மரச் சட்டத்துக்கு இந்தாண்ட?"

நான் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். "உனுக்கு எப்பிடித் தெரியும்?"

"அன்னிக்கு மேல ஏறிப் பாத்தேனே. உன் ரூமுக்கு நேர் மேல வரிசையா பாத்ரூம் கட்டிக்கினு இருந்தான். புதுசு. தண்ணி போறதுக்கு வழியே இல்ல, ஒரே ஒரு பைப்பு, அதுவும் எலிவால் மாதிரி. நான் டெய்லி கழுவற பாத்ரூமு எத்தினி, எனக்குத் தெரியாதா எது ஒழுவும்னு?"

"அதான் வுட்டுட்டுப் போனியா?"

"பின்ன?" என்றாள். "உன் காலுக்கா?"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் இத்தனை மாசம் அவளுடைய நல்ல மனசை நினைத்து நினைத்து வயிறெரிந்திருக்கிறேன். ராத்திரி சொட்டு விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை யோசித்திருக்கிறேன். அவளோ கூரையைப் பார்த்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டியிருக்கிறாள், கூட்டத்திடம் நல்ல பேரும் வாங்கிக்கொண்டு.

"ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ காலி பண்ணியிருப்பியா?"

யோசித்தேன். பள்ளம், பலகை, லாரி, நாய், லிப்ட். "மாட்டேன்."

"அப்பால?" என்றாள். பிறகு, "கீழ இன்னா வெக்கற, பக்கெட்டா?" என்று கேட்டாள்.

"பால் காச்சின குண்டான்."

அவள் சிரித்த சிரிப்பில் பெட்டி முழுக்கத் திரும்பியது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், அப்படியும் நிற்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. கோபம் வந்து, அது பாதியில் வேறு மாதிரி ஆகி, நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அவள் எழுந்து இடம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நான் உட்கார்ந்திருக்க மாட்டேன். பக்கத்திலிருந்த பெண்ணை, "கொஞ்சம் நவுருமா" என்று இடித்துத் தள்ளி, தானும் ஒதுங்கி, நடுவில் ஒரு கையகலம் இடம் பண்ணினாள். காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கிண்டி வரை ஓனரைத் திட்டிக்கொண்டே போனோம்.